பாதி காலியாக வந்த விமானம்

என் மகன் எர்மேக்குக்கு, உஸ்கெனிலிருந்து அம்மா ஜூமாகான் எழுதுவது. அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் பக்கத்து வீட்டு அய்ஜான் மாஸ்கோ திரும்பும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அப்பாவை அடக்கம் செய்யாமல் இரண்டு நாள் வைத்திருந்தோம். கோடை வெயில். எப்போது எடுப்பது என்று முல்லா கேட்டுக்கொண்டே இருந்தார். மாஸ்கோ மூவாயிரம் கிலோமீட்டர் என்றாலும் நம் ஓஷ் விமான நிலையத்துக்கு நாலு மணி நேரம்தான், பிள்ளை வந்துவிடுவான் என்று அவர் வாயை அடைத்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று நீ செய்தி அனுப்பிய பிறகும் அடுத்த விமானம் இருக்கிறது என்றேன். உன் மகள் மேரிம் ஒவ்வொரு விமானச் சத்தத்துக்கும் வெளியே ஓடினாள்.

நான் துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்குள் வழக்கப்படி முகத்தைத் திருப்பி உட்கார்ந்து, வெளியே கோல் ஊன்றி நின்று அழும் நம் வீட்டு ஆண்களில் உன் குரலைத் தேடினேன். மகன் நிற்க வேண்டிய இடத்தில் தாலாய் நின்று அழுதான். உன் சித்தப்பா மகன்தான். நம் உருளைக்கிழங்குக் காட்டுக்கு வந்த தண்ணீரை மடை திருப்பிக்கொண்டவன். அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் நன்றாகவே அழுதான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை அய்ஜான் நேரே விமான நிலையத்திலிருந்து வந்தாள். களைத்திருப்பாயே என்று யாரோ கேட்டதற்கு, "களைப்பா? பிளேன்ல பாதி சீட்டு காலி. காலை நீட்டிப் படுத்துட்டே வந்தேன்" என்றாள். பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். உன் அத்தை பாத்மாதான், "அப்போ நம்ம எர்மேக்குக்கு மட்டும்தான் இடமில்லாமப் போச்சு" என்றாள். நான் துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் அடக்கம் முடிந்த பிறகு அய்ஜானைத் தனியே பிடித்தேன். மறைக்காமல் சொன்னாள். நீ அவளோடு வரிசையில் நின்றாயாம், கையில் டிக்கெட்டும் இருந்ததாம். தங்கை மாப்பிள்ளை சாவுச் சோற்றுக்கு அறுக்கக் குதிரையே கொண்டுவருகிறாராமே என்று கேட்டாயாம். வேலை போய் நாலு மாதம் ஆகிறது, அப்பா சாவுக்கு அறுக்க ஓர் ஆடுகூட இல்லாமல் எப்படி வருவது என்று சொல்லி வரிசையிலிருந்து விலகிப் போனாயாம்.

இதைத் தாலாயிடம் சொல்லி அழுதேன். வேறு யாரிடம் சொல்ல? அவன் தலையைக் குனிந்துகொண்டு, "யார் வீட்டுச் சாவுக்கு யார் வெறுங்கையோட வந்தாங்கன்னு நீங்க சொல்லிச் சொல்லித்தானே பெரியம்மா அவன் வளந்தான்" என்றான். அவனை வெளியே போ என்று சொல்ல எனக்கு முகமில்லை.

நாற்பதாம் நாள் வருகிறது. உன் பெயரில் தானே ஓர் ஆடு வாங்கிக் கட்டுவதாகத் தாலாய் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். நீ ஒன்றும் கொண்டுவராதே. யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று பாத்மா எண்ணட்டும், ஊரே எண்ணட்டும். நான் வாசலுக்கு வந்து உன் வெறுங்கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் உள்ளே அழைத்துப் போவேன். வந்துவிடு மகனே.

உன் அம்மா,
ஜூமாகான்