ஒன்றரைக்கால் அங்குலம்

1994 ஆகஸ்ட் 17, புதன். உரும்பிராய்

முருங்கைக் கிளை முறிந்து ஜீப்பின் கூரையில் விழுந்திருக்கிறது. சேதமில்லை. இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன்.

மீனாம்பிகை கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்து, செப்டெம்பர் 19ஐப் பென்சிலால் வட்டமிட்டாள். வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தம். எங்கள் மகன் கனடா போய்ச் சேர்ந்தால் தீர்த்தத்தன்று கடலில் கால் நனைப்பேன் என்று நேர்த்தி வைத்தவள். அவன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். செய்தி வந்த மாதமே இவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். அன்று முதல் முழங்கால் அவள் சொற்கேட்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவளை ஜீப்பில் கொண்டுபோனேன். கோயிலுக்கு அப்பால் மணல். நூறு யார் தூரம் போகவில்லை, நான்கு சில்லும் புதைந்துவிட்டன. கடல் இரைவது கேட்டது. யாரோ தள்ளிவிட, திரும்பி வந்தோம். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இன்று சொன்னாள்: “இந்த முறையும் ஏலாதெண்டால் இப்பவே சொல்லிப்போடுங்கோ. ஆள் வைச்சுக் கழிக்கிற நேர்த்தியில்லை இது.”

ஏலும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஏலாது என்று சொல்லவும் இல்லை.

ஆகஸ்ட் 19, வெள்ளி

அடுத்த வளவுக் கந்தப்பு வந்தார். உழவு மிசினும் அதன் இழுவைப் பெட்டியும் வைத்திருப்பவர். சில்லு விடயத்தில் அவர் சொன்னால் கேட்கலாம். ஜீப்பைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். தட்டியிருக்க வேண்டாம்.

“காணும், உம்மடை ரயர் மெல்லிசு. மணலுக்கை கத்தி மாதிரி இறங்கும். உசந்த, அகலமான ரயர் போடும்.”

“அதுக்கு எங்கை போறது?”

“என்ரை மிசினிலை முன்னுக்கு ரெண்டு, பெட்டியிலை ரெண்டு. உம்மடை றிம்முக்கு அளவு சரி. கொண்டுபோம். மழைக்கு முன்னம் தந்திட வேணும், என்ன? பிறகு மிசினை நான் தோளிலையோ காவுறது?”

நன்றி சொன்னேன். பிறகு வேலியால் எட்டி இன்னொரு முறை சொன்னேன்.

ஆகஸ்ட் 22, திங்கள்

ரயர்கள் ஏற்றியாயிற்று. ஜீப் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டது. மீனாம்பிகை யன்னலால் பார்த்து, “ஏணி வைச்சோ நான் ஏறுறது?” என்றாள்.

ஒரு குறை. ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பினால் முன் ரயரின் உட்பக்கம் ஸ்பிறிங் தகட்டில் உராய்கிறது. சில்லை வெளியே தள்ள வேண்டும். அதாவது சில்லுக்கும் அது பூட்டும் முகத்துக்கும் இடையில் வட்ட இரும்புத் தட்டு ஒன்று வைக்க வேண்டும். தட்டு வைத்தால் நட்டுப் பூட்டும் ஸ்ரட்டுகளும் நீளமாக வேண்டும்.

மூன்று முறை அளந்தேன். ஓர் அங்குலமும் எட்டில் ஒன்றும். முன்னால்தான் உராய்கிறது, என்றாலும் நான்கு சில்லுக்கும் தட்டுப் போடுவதே ஒழுங்கு என்று பட்டது. ஏதாவது ஒன்று பிழைத்தால்? நான்குக்கும் போட்டால் என்னையாவது குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 26, வெள்ளி

சைக்கிளில் குருநகர். லியோன் படகு எஞ்சின்களுக்குத் தண்டு கடைபவர். மின்சாரம் இல்லாததால் லேத்தை மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓட்டுகிறார். எண்ணெய் கொண்டு போகிறவருக்குத்தான் வேலை. ஆறு போத்தல் கொண்டு போனேன்.

“ஜீப்பைக் கடலிலையோ ஐயா விடப்போறியள்? அப்ப சுக்கானும் பூட்டித் தாறன்.”

கடற்கரை வரைக்கும்தான் என்று விளக்கினேன். அவர் சிரித்தார். பகிடி என்று பிறகுதான் விளங்கியது.

ஸ்ரட் நீளத்துக்கு ஈர்க்கு ஒன்றை அளவாக வெட்டிக் கொடுத்தேன். தட்டின் அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலத்தில் படம் கீறியவன். ஓய்வு பெற்ற பிறகாவது தமிழில் எழுத வேண்டும் என்பது என் கொள்கை. “தட்டின் கனம்: ஒன்றரைக்கால் அங்குலம். எண்ணிக்கை: நான்கு.” கையெழுத்து நன்றாக அமைந்திருந்தது. லியோன்கூட அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டெம்பர் 3, சனி

ஸ்ரட்டுகள் வந்தன. ஈர்க்குக்கு மயிரிழை பிசகில்லை. பழையவற்றைத் தட்டி எடுத்துப் புதியவற்றை ஏற்றத் தொடங்கினேன், முதலில் முன்சில்லுகளுக்கு.

செப்டெம்பர் 9, வெள்ளி

தட்டுகள் வந்தன. வழவழவென்று கண்ணாடி போல. முன்சில்லில் ஒன்றை வைத்துப் பூட்டினேன். நட்டு இரண்டு புரிதான் பிடிக்கிறது. இரண்டு புரியில் ஒரு சில்லை நம்புவதா? மீனாம்பிகையை ஏற்றிக்கொண்டா?

அளந்தேன். தட்டு ஒன்றே முக்கால் அங்குலம்! மறுபடி அளந்தேன். அடிமட்டத்தை மாற்றியும் அளந்தேன்.

திரும்பவும் குருநகர். கோபமாகப் பேசவேண்டும் என்று வழி முழுக்க வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். போய் நின்று, “லியோன், ஒரு சின்னச் சந்தேகம்” என்றேன்.

அவர் என் தாளை எடுத்து விரித்தார். “ஐயா தானே எழுதினியள். ஒன்றரை. கால். ஒன்றரையும் காலும் ஒண்டே முக்கால். பிழையோ?”

“அது ஒன்றரை இல்லை, லியோன். ஒன்று, அரைக்கால். அரைக்கால் எண்டால் காலிலை அரைவாசி. எட்டிலை ஒண்டு.”

“அப்ப ஏன் ஒட்டி எழுதினியள்?”

“சேர்த்து எழுதுறதுதான் இலக்கணம்…”

“இரும்புக்கு இலக்கணம் தெரியாது ஐயா!”

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த பிறகுதான் வெட்கம் வந்தது. அவரில் பிழையே இல்லை. கடைந்து குறைக்கலாமாம். நான்குக்கும் இன்னொரு ஆறு போத்தல் வேண்டும்.

செப்டெம்பர் 10, சனி

வீட்டில் இருப்பது பதினெட்டுப் போத்தல் மண்ணெண்ணெய். ஜீப்பும் அதில்தான் ஓடுகிறது; பெற்றோல் துளித்துளியாக ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும். வல்லிபுரம் போய்வர, மணலுக்கும் சேர்த்து, குறைந்தது பதினைந்து. லியோனுக்கு ஆறு கொடுத்தால் மிச்சம் பன்னிரண்டு. போகலாம், வரமுடியாது. சங்கக் கடையில் அடுத்த பங்கீடு மாத முடிவில்தான்.

காலை பதினொரு மணிவரை திரும்பத் திரும்பக் கூட்டிக் கழித்தேன். விடை மாறவில்லை. போய் அவளிடம் சொன்னேன் — இந்த முறையும் ஏலாது போலக் கிடக்கு, என் புத்தியில்லாத எழுத்தால் வந்த வினை என்று.

பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “ஒரு அங்குலமும் ஒரு நூலும் எண்டு எழுதியிருந்தால் ஆருக்கும் விளங்கியிருக்கும்” என்றாள். நூல் என்றால் எட்டில் ஒன்று என்று எந்தத் தச்சனுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தால்: “இஞ்சாருங்கோ, பின்சில்லும் திரும்பிறதோ?”

“இல்லை. முன்சில்லு மட்டும்தான் திரும்பும்.”

“திரும்பாத சில்லு எங்கை போய் உராயப்போகுது?”

அப்படியே நின்றுவிட்டேன். நான்கு தட்டும் வேண்டாம். இரண்டு போதும். மற்ற இரண்டும் என் பயத்துக்குப் போட்டவை. பின்னால் இன்னும் கழற்றாத பழைய ஸ்ரட், பழைய நட்டு. இரண்டு தட்டுக் கடைய மூன்று போத்தல். மிச்சம் சரியாகப் பதினைந்து.

எழுபது வயதில் இதை எனக்குப் பயற்றங்காய் முறிக்கிறவள் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உடனே புறப்பட்டேன். சாப்பிடவில்லை என்பது கோப்பாய் தாண்டித்தான் நினைவு வந்தது. கோப்பாய்! குருநகருக்கு எதிர்ப் பக்கம். திருப்பினேன்.

செப்டெம்பர் 14, புதன்

பூட்டியாயிற்று. நட்டுகள் முழுப் புரியும் பிடிக்கின்றன. ஸ்ரியறிங் கடைசிவரை திரும்புகிறது, உராய்வில்லை. ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தேன்.

கந்தப்பு: “முன்னுக்கு அகலம், பின்னுக்கு ஒடுக்கம். தவளை மாதிரி இருக்கு, காணும். பாயாதோ?”

செப்டெம்பர் 18, ஞாயிறு

நாளை தீர்த்தம். நடக்கக்கூடிய பிழைகளை ஒரு தாளில் எழுதினேன். பதினொன்று வந்தன. மீனாம்பிகை வாசித்துவிட்டுப் பன்னிரண்டாவதைச் சேர்த்தாள்: “சோறு கட்ட மறத்தல்.”

செப்டெம்பர் 20, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

சனம் சேர முன்னர் போய்விட வேண்டும் என்று பத்து மணிக்கே புறப்பட்டோம். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி நட்டுகளை இறுக்கிப் பார்த்தேன். மூன்றாவது முறை அவள், “அடிக்கடி தடவிப் பாக்கிறியள், அதுக்கென்ன காய்ச்சலே?” என்றாள்.

கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டோம். பிறகு கந்தப்பு சொன்னபடி நான்கு ரயரிலும் காற்றை இறக்கினேன், மணலில் பரந்து நிற்கட்டும் என்று. தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்றும் மிசின்கள் போன தடத்தில் இறங்கினோம்.

போன முறை புதைந்த இடத்தைத் தாண்டியது தெரியவேயில்லை. அவள்தான், “உதிலைதானே நிண்டனாங்கள்?” என்று கையைக் காட்டினாள். அந்தச் சந்தோசத்தில் இருக்கும்போதே எதிரே மணல் மேடு. ஏறும்போது எஞ்சின் சத்தம் மாறியது. அக்சிலேற்றர் பெடலில் என் கால் தானாக இளகியது — நான் இளக்கவில்லை, அது தானாக இளகியது. நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தேன். முன்சில்லு புதைந்திருந்தது. அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். ஆறு அங்குலம்.

“அளந்து ஆருக்குக் காட்டப்போறியள்?” உள்ளேயிருந்து குரல்.

“மீனாம்பிகை, இது சரிவராது போலக் கிடக்கு. இறங்கி மெல்ல மெல்ல —”

“இறங்கமாட்டன். கடலைக் காட்டினால்தான் இறங்குவன். இல்லையெண்டால் இதுக்கையே அடுப்பை மூட்டிக் குடியிருப்பம். சோறும் இருக்கு.”

சவளால் சில்லுக்கு முன்னும் பின்னும் மணலை வழித்தேன். ஏறினேன். வந்த தடத்திலேயே இருபது யார் பின்னால் எடுத்தேன். நான்கு சில்லும் இழுக்கும் தடியைப் போட்டு, இரண்டாம் கியரில், காலை — அடியில் தட்டும்வரை மிதித்தேன். ஜீப் வாங்கிப் பதினாறு வருடம். அந்தப் பெடலின் அடி எங்கே இருக்கிறது என்று நேற்றுத்தான் கண்டேன்.

“விடாதேங்கோ! காலை எடாதேங்கோ! ஐயோ விடாதேங்கோ!” எஞ்சினை விட அவள் சத்தம்தான் பெரிது. மணல் கண்ணாடியில் அடித்தது. நான் கண்ணை மூடியிருக்கலாம், உறுதியாகச் சொல்லமுடியாது.

மேட்டின் உச்சியில் முன்பக்கம் எழும்பி விழுந்தது. எதிரே கடல். பிறேக் பிடிக்க நினைவு வந்தபோது ஈரமணலில் நின்றோம்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பதினொரு அடி நடந்தாள். முதல் அலை கணுக்கால் வரை வந்தது. அடுத்தது சொல்லாமல் கொள்ளாமல் முழங்காலுக்கு ஏறியது. விழுந்துவிடுவாள் என்று பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தியளே! கால் நனைக்கிறன் எண்டுதான் நேந்தனான். முழங்காலையும் சுவாமி தானாக் கேட்டு வாங்கிப்போட்டார்.”

என் வேட்டியும் முழுக்க நனைந்துவிட்டது. மாற்று வேட்டி கொண்டு போகவில்லை. அந்தப் பிழை என் தாளில் இருக்கவேயில்லை. பின்னேரம் சுவாமி வந்தபோது ஈர வேட்டியோடுதான் கும்பிட்டேன். ஜீப் இடைஞ்சலாக நிற்கிறது என்று தொண்டர் ஒருவர் சத்தம் போட்டார். மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்த்தினேன். நகர்த்தும்போது, தேவையில்லாமல், ஒரு சின்ன மேட்டில் ஏற்றி இறக்கினேன்.

வீடு வந்தபோது தாங்கியில் அரைப் போத்தல் இருந்தது.

செப்டெம்பர் 27, செவ்வாய்

கந்தப்பு காலை ஏழு மணிக்குச் சில்லுத் தூக்கும் ஜக்கும் கையுமாக வந்தார். மேற்கே மழை கறுக்கிறது, ரயர்களைக் கழற்றப்போகிறாராம். கேற்றடியில் நின்றுவிட்டார். ஜீப்பில் மீனாம்பிகை முன்னால் இருந்தாள். பின் இருக்கையில், எங்கள் ஒழுங்கையில் முழங்கால் நோகிற மூன்று பெண்கள், ஆளுக்கு நாலு போத்தல் மண்ணெண்ணெயோடு. நடுவில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் இரத்தினம்மா. கந்தப்புவின் மனைவி.

“இவள் எங்கை வெளிக்கிட்டாள்?”

“சந்நிதிக் கோயிலுக்கு” என்றேன்.

“ஆரைக் கேட்டு?”

“என்னைக் கேட்டுத்தான்.”

கந்தப்பு என்னைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். இரத்தினம்மா அவரைப் பார்க்கவேயில்லை, பூவைத்தான் பார்த்தார். கந்தப்பு ஜக்கை மதிலோரம் வைத்துவிட்டு, “இன்னுமொருத்தருக்கு இடமிருக்கோ, காணும்?” என்று கேட்டார்.

பின்னால் திரும்பி, கொஞ்சம் நெருங்கி இருங்கோ என்றேன்.