ரெட்டோவின் கரவனும் வதனியின் நித்திரையும்

சித்திரை 26, சனி

தெற்குக் காற்று. மலையிலிருந்து இறங்கி கூர் நகரம் முழுக்க வெதுவெதுப்பு. காலையிலிருந்து தலையிடி.

கரவன் வந்துவிட்டது. கீழ்வீட்டு ரெட்டோவே தன் காரில் கொளுவி இழுத்து வந்து, பின் முற்றத்தில் சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் விட்டார். தபால் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். றிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தைத் திருப்பவே இல்லை, கண்ணாடி மட்டும்தான். முழங்கால் போய்விட்டதாம், இனி ஏறி இறங்க முடியாதாம்.

சின்னது, காருக்குப் பின்னால் இழுக்கிற ஒற்றை அறை வீடு. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாங்கில் குந்தி வழிவிட வேண்டும். மணம்: பழைய கோப்பி, ஈர மரம்.

ஏன் வாங்கினேன் என்று இங்கேயாவது எழுதி வைப்போம். போன புரட்டாதியில் ரெட்டோ எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டார், ஏரிக்கரையில் நின்ற இதே கரவனுக்கு. மழை பிடித்தது. நானும் அவரும் கதைத்துக்கொண்டிருக்க, மனைவி வதனி மூலை வாங்கில் சாய்ந்தபடியே நித்திரையாகிப் போனா. கோப்பை கையில். வாய் கொஞ்சம் திறந்து. மழை விடும்வரை எழும்பவில்லை. வீட்டில் நான் அவவை அப்படிப் பார்த்ததே இல்லை.

முதியோர் இல்லத்தில் அவவுக்கு எத்தனையோ வருடம் இரவு வேலை. மாசியிலிருந்து பகலுக்கு மாற்றிவிட்டார்கள். நித்திரைதான் மாறி வரவில்லை. கிடந்து முகட்டைப் பார்க்கிறா. டாக்டர் எழுதின நித்திரைக் குளிசை அப்படியே அலுமாரியில். போட்டால் அடுத்த நாள் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்ட ஏலாதாம். முகம் வற்றிப்போய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே கரவன். அந்த வாங்கை ஒரு நல்ல கட்டிலாக்க வேண்டும்.

வ. (வதனி) வீட்டு யன்னலால் பார்த்தா.

"இதுக்குள்ளயா படுக்கிற? லைனில நிண்டு சீவிக்கிறதுக்கு இன்னொருதரம் என்னால ஏலா. ஒருதரம் நிண்டது காணும்."

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் அவ பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்த காலம். அதற்கு மேல் சொல்லமாட்டா.

"ஒருக்கா இறங்கி வந்து பாருமன்."

"மறுகா பாப்பம்."

எங்கள் யாழ்ப்பாணத்தில் பிறகு என்றால் பிறகு. இந்த மட்டக்களப்புக்காரியின் மறுகா என்றால் இல்லை.

லைன் என்றால் கக்கூஸ் லைன். கரவன் நிறுத்துகிற காம்பிங்கில் எல்லாருக்கும் பொதுக் கக்கூஸ்தானே. அதுதான் பிரச்சினை. தீர்க்கலாம்.

சித்திரை 27, ஞாயிறு

ஞாயிறு சத்தம் கூடாது என்று இங்கே சட்டம், ட்ரில் பிடிக்க முடியாது. மூன்றாம் மாடி மனிசி பல்கனியில் காவல். அளவு மட்டும் எடுத்தேன்.

கரவன் யன்னலுக்குக் கீழே விரலால் அமத்தினால் சுவர் பாண் மாதிரி உள்ளே போகிறது. தண்ணீர் இறங்கி உக்கிவிட்டது. ரெட்டோவிடம் காட்டினேன். சிவந்து போனார். "எனக்குத் தெரியாது, உண்மையாகவே தெரியாது," என்று இரண்டு தரம் சொன்னார். பாவம். பின்னேரம் தன் கருவிப் பெட்டி முழுவதையும் கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

வைகாசி 3, சனி

வெயில். ஆஸ்பத்திரிக் குசினியில் காலை வேலை முடித்து இரண்டு மணிக்கு வீடு.

வாங்க வேண்டியது:
பாரமில்லாத பிளைவூட் (ரெட்டோ: "வீடு கட்டாதே, கரவன் கட்டு. பாரம் கூடினால் வாகனப் பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள்.")
ஒட்டுப் பட்டி, கூரை மூடிக்கு
மெத்தை, நடுத்தர இறுக்கம்
சின்னச் சூரியத் தகடு, பற்றறி
கசெட் கக்கூஸ் (அடிப்பெட்டியைக் கழற்றிக் கழுவுவது)
நல்ல மிளகாய்த்தூள் (வ. சொன்னது, இதற்கும் கரவனுக்கும் சம்பந்தமில்லை)

உக்கின பலகை முழுக்கக் கழற்றியாயிற்று. உள்ளே எறும்புக் கூடு, ஒரு பழைய முத்திரை.

ஷ்லீரனிலிருந்து அண்ணை போன் எடுத்தார். கக்கூஸ் வைக்கப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஈசான மூலையில வைச்சுப் போடாத, சொல்லிப்போட்டன்."

"அண்ணை, இது சில்லில நிக்கிற வீடு. றோட்டில கிறுகினா ஈசானமும் சேந்து கிறுகும்."

"கிறுகுமோ! திரும்பும் எண்ட சொல் மறந்து போச்சோ? பாத்தியே, கதையும் அவளின்ர கதையாப் போச்சு. அப்பவே சொன்னனான், மட்டக்களப்பில பொம்பிளை எடுத்தா பாயோட ஒட்டிப்போடுவினம் எண்டு."

கலியாணம் முடித்த நாளிலிருந்து இதே பகிடி, மட்டக்களப்பார் மந்திரம் போட்டு மாப்பிள்ளையைத் தங்களோடேயே வைத்துவிடுவார்களாம். ஆனால் இன்றைக்கு வேறு மாதிரிக் கேட்டது. அந்த மந்திரம் தெரிந்திருந்தால் அவவுக்கே திருப்பிச் செய்திருப்பேன். ஒரு ராத்திரிக்காவது பாயோடு ஒட்டட்டும்.

வைகாசி 10, சனி

தூறல். நல்லதுதான், ஒழுக்குத் தெரியும். கூரை மூடியைக் கழற்றி, பழைய பசையெல்லாம் சுரண்டி, புதுப் பட்டி ஒட்டினேன். மூன்று வாளி தண்ணீர் மேலே ஊற்றிப் பார்த்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. சந்தோசத்தில் வாளியைக் காலில் போட்டுக்கொண்டேன்.

ரெட்டோ கூரைக்கு உள்ளால் ஸ்பொஞ்ச் ஒட்டச் சொல்லுகிறார். சூடு, குளிர் வராது, மழைச் சத்தமும் கேட்காது என்கிறார்.

வேண்டாம், மழைச் சத்தம் கேட்க வேண்டும் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு விளங்கியது போலத் தலையாட்டினார். அவரும் அந்த மூலை வாங்கை மறக்கவில்லைப் போல.

வ. நேற்றும் நித்திரை இல்லை. காலை தேத்தண்ணீருக்கு உப்புப் போட்டா. நான் முழுக்கக் குடித்து முடித்தேன்.

வைகாசி 17, சனி

சுவரில் ஓட்டை வெட்டியாயிற்று. கக்கூஸ் பெட்டியை வெளியால் இழுத்துக் கழுவ ஒரு சின்னக் கதவு வேண்டும். நல்ல சுவரில் வாள் வைக்க முன் மூன்று தரம் அளந்தேன். ரெட்டோ மறுபக்கம் பிடித்தார். நேராக வந்திருக்கிறது.

இடம் என்று ஒன்றுதான் இருந்தது: அடுப்புக்குப் பக்கத்தில். பலகை அடித்து, கதவு போட்டு, வெள்ளைப் பெயின்ற். அலுமாரி மாதிரியே இருக்கிறது. அடுப்புக்கு மேலே தட்டில் முருகன் படம். வ. பார்த்தால் குளிர்ந்து போவா.

மகள் ஆரா நகரிலிருந்து போன் எடுத்தாள். படம் அனுப்பியிருந்தேன்.

"சூப்பர் அப்பா. அம்மாட்ட கேட்டீங்களா, என்ன வேணும் எண்டு?"

"கேக்க என்ன இருக்கு? எனக்குத் தெரியாதோ?"

"கேளுங்கோ அப்பா."

இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

வைகாசி 29, வியாழன்

லீவு நாள். வெயில், முற்றத்தில் எல்லார் உடுப்பும் காய்கிறது.

வ.வைக் கூட்டிக்கொண்டு போனேன். புது விரிப்பு, மஞ்சள் திரைச்சீலை, குட்டி லைற். ஏறினா. மெத்தையைக் கையால் அமத்திப் பார்த்தா.

"மெத்தை நல்லம்."

இருந்தா. மெத்தையில் காலை நீட்டினா. 

"இது என்ன கதவு?"

திறந்து காட்டினேன், மாப்பிள்ளைக்குச் சீதன வீடு காட்டுகிற மாமன் மாதிரி. அவ கக்கூசைப் பார்த்தா, அடுப்பைப் பார்த்தா, முருகனைப் பார்த்தா.

"சோத்துக்கரண்டி வழுகினா அதுக்குள்ள விழும். இதில நான் சோறு காச்சி, முருகனுக்கும் விளக்குக் கொளுத்தி… உங்கட மூளை எங்க போச்சி?"

"புதுசு வதனி. மூடி இருக்கு. மருந்து விடுறது, மணக்காது."

"மணக்கிறதுக்கில்ல நான் சொல்ற."

எழும்பி, முருகன் படத்தைக் கழற்றி, சால்வைக்குள் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டா.

அம்மா வீட்டில் கக்கூஸ் எங்கே இருந்தது? வளவின் கடைசி மூலையில், கிணற்றுக்கும் குசினிக்கும் எட்டாத இடத்தில். அது எனக்குத் தெரியாததா? ரெட்டோ தந்த கரவன் புத்தகத்தில் படம் பார்த்து, அதே மாதிரி வைத்துவிட்டேன். அண்ணைக்கு இதைச் சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன்.

வைகாசி 30, வெள்ளி

வ. என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் கட்டித் தந்தா. கத்தரிக்காய் பொரித்த குழம்பு, ஆகவே கோபம் பெரிது இல்லை.

வைகாசி 31, சனி

முகில். பின்னேரம் வ. குசினியில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தா. நான் கதவடியில் நின்றேன். மகள் சொன்னதைச் செய்தேன், கேட்டேன்.

"லைன் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"கக்கூஸ் லைன் எண்டு சொன்னனா? நாள் முழுக்க அடுத்த ஆக்களக் கழுவிற எனக்கு அது ஒரு விசயமா? தண்ணி லைன்."

கத்தியை வைக்கவில்லை. வெட்டிக்கொண்டே சொன்னா.

"அந்தப் பள்ளிக்கூடத்தில ஒரு பைப்தான். விடியக் கொஞ்ச நேரம் திறப்பாங்க. அம்மா என்னத்தான் வாளியோட விடுவா. போய் குந்தியிருக்கணும். கொஞ்சம் கண்ணயந்தா வாளியத் தள்ளிப்போட்டு முன்னால போயிருவாங்க. மறுகா தண்ணி இல்ல. ஒருநாள் நித்திரையாப் போயிட்டன். தம்பிக்குக் காய்ச்சல் அண்டைக்கு."

"பிறகு?"

"பிறகென்ன. அதுக்குப் புறகு கண்ண மூடல்ல."

மீன் தலையைத் தனியாக எடுத்து வைத்தா, எனக்குப் பிடிக்கும் என்று.

எனக்கு அழுகை வந்தது. வெளியே போய் கரவனின் ஹான்ட்பிரேக்கைச் சரி பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

ஆனி 1, ஞாயிறு

ட்ரில் இல்லை, கையாலேயே திருகாணி கழற்றினேன். கக்கூஸ் வெளியே. ரெட்டோ தன் முழங்காலுக்கு உதவும் என்று எடுத்துக்கொண்டார். இனி அந்தப் பெட்டிக்குள் தண்ணீர்த் தாங்கி. வெட்டின ஓட்டை வீண் போகவில்லை, தாங்கியை அந்த ஓட்டை வழியாகவே இழுத்து வெளியே எடுத்து நிரப்பலாம்.

காலால் அமத்துகிற பழைய பம்ப் செத்துவிட்டது. கறண்ட் பம்ப் ஒன்று வாங்க வேண்டும்.

ஆனி 4, புதன்

வேலை முடிந்து வந்து பம்ப் பூட்டினேன். பைப்பைத் திறந்தால் தண்ணீர், மூடினால் நிற்கும். ஆனால் சத்தம்! கிறைண்டரில் உளுந்து அரைக்கிறது போல. அடியில் றப்பர் வைத்தேன். கொஞ்சம் குறைவு. கரவன் முழுக்க அதிர்வது நிற்கவில்லை.

வ. தானாகவே வந்து ஏறினா. பைப்பைத் திறந்தா. சத்தத்துக்குத் துள்ளினா. மூடினா. திறந்தா. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றா, தண்ணீர் விரலால் ஓடுகிறது. நான் மூடச் சொல்லவில்லை.

"எவ்வளவு நாளைக்கு வரும்?"

"நிரப்பினா ரெண்டு நாள்."

"முடிஞ்சா ஆர் நிரப்புற?"

"நான்தான்."

"நான் லைனில நிக்க மாட்டன்."

"நீர் நிக்க வேண்டாம்."

கையைத் துடைத்தா.

"அப்ப வாறன்."

மறுகா என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

ஆனி 7, சனி

வாகனப் பரிசோதனை, காஸ் பரிசோதனை இரண்டும் போன கிழமையே பாஸ் என்று எழுத மறந்துவிட்டேன்.

வெளிக்கிட முன் எங்கள் காரின் சில்லுக்குக் கீழே தேசிக்காய். வ. தான் வைத்தா. நசிந்து தெறித்தது. ரெட்டோ கூட்டுமாற்றோடு வந்து நின்று, இது டயருக்கு நல்லதா என்று கேட்டார். டயருக்கு இல்லை, ஓட்டுறவருக்கு என்றேன். தானும் ஒன்று கேட்டு வாங்கித் தன் காருக்கு வைத்தார்.

முருகன் திரும்பவும் தட்டில். இந்தத் தரம் அவவே மாட்டினா.

ஏரிக்கரை. லீவு என்று எல்லா இடமும் நிரம்பி வழிகிறது, எங்களுக்குக் கடைசி மூலை. கழுவுமிடத்துக்குப் பக்கத்தில் பொதுப் பைப், அதற்கு முன்னால் தண்ணீர்க் கானோடு ஆட்கள். வ. அதைப் பார்த்தா. முகத்தைத் திருப்பிக்கொண்டா. நான் தாங்கியை நிரப்பி வந்தேன்.

சோறு, மீன் குழம்பு. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை மூக்கைச் சுளிக்கவில்லை, கிட்ட வந்து மோந்தது. பின்னேரமாகவே மழை தொடங்கிவிட்டது.

கூரையில் நல்ல சத்தம்.

ஆனி 8, ஞாயிறு

மழை விட்டுவிட்டது. ஏரிக்கு மேலே வெள்ளைப் பனிப்புகார்.

நேற்று கோப்பைகளைக் கழுவ முன்னமே வ. சாய்ந்தா. எழும்புவா, எழும்புவா என்று நான்தான் இரவு முழுக்க முழித்துப் பார்த்தது. எழும்பவில்லை. விடிந்தது. தேவாலய மணி நீட்டுக்கு அடித்தது. பக்கத்தில் நாய் குலைத்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா, அவ்வளவுதான். வாய் கொஞ்சம் திறந்து.

அண்ணைக்கு மெசேஜ் போட்டேன்: பாயோடு ஒட்டினது நான் இல்லை, அவ.

கோப்பி குடிக்க வேண்டும் போல. தாங்கியில் தண்ணீர் அரைவாசிக்கு மேலே இருக்கிறது. பைப்பைத் திறந்தால் பம்ப் கத்தும். கையை வைத்தேன், எடுத்துவிட்டேன்.

சப்பாத்துப் போடாமல் இறங்கி, கதவைச் சத்தம் வராமல் சாத்தி, கேத்திலோடு பொதுப் பைப்புக்கு வந்தாயிற்று. நின்றபடிதான் எழுதுகிறேன். புல் ஈரம், கால் விறைக்கிறது. எனக்கு முன்னால் நீட்டு லைன். கேத்தில் மட்டும்தானே, முன்னால் போ என்று ஒரு மனிசி சொன்னா. அவசரமில்லை என்றேன்.

முன்னால் ஒருவர் பெரிய கான் வைத்து ஆறுதலாகப் பிடிக்கிறார். பிடிக்கட்டும்.