குலுக்கலில் விழாத வஸீலா

பிப்ரவரி 4

எங்கள் பேஜா ஊரில் விடாத மழை. வேலையில்லாதவர்களுக்கான பயிற்சியால் பயன் உண்டா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. குலுக்கலில் பெயர் விழுந்து பயிற்சி பெற்றவர்கள், விழாதவர்கள் — இரு தரப்பையும் மாதாமாதம் போனில் கூப்பிட்டு ஒரே கேள்விகள். வேலை தேடினீர்களா? கிடைத்ததா?

வஸீலா விழாத பக்கம். உயிரியல் படித்துவிட்டு வருஷக்கணக்காக வீட்டில் இருப்பவள். கேள்விகள் முடிந்தும் போனை வைக்கவில்லை. "இந்தக் குளிருக்குச் சூடா கொண்டைக்கடலை லப்லபி வச்சுக் குடுக்க ஆள் இருக்கா தலெந்தா அக்கா?" என்றாள்.

யார் இருக்கிறார்கள், இந்த வீட்டில்? இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 3

எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்துப் பல் டாக்டர் வரவேற்பு மேசைக்குப் படித்த பெண்ணாகத் தேடுகிறார். உடனே வஸீலா நினைவு.

எங்கள் மேற்பார்வையாளர் லொத்ஃபியிடம் பட்டும் படாமல் கேட்டேன். விழாதவர்களுக்கு நாமே வேலை பிடித்துக் கொடுத்தால் அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது என்றார். நியாயம்தான். எரிச்சலாகவும் இருந்தது.

மார்ச் 7

போனை எடுப்பதும் வைப்பதும்.

மார்ச் 9

மாதக் கேள்வி. வேலை தேடினாயா என்றேன். "போன தடவை தேடினேன்னு சொன்னது பொய் அக்கா. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொன்னேன்." அழுதாள்.

'இல்லை'ன்னு குறிச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போகணுமாம். நான் என்ன கல்லா? சொல்லிட்டேன். டாக்டர் பேர், தெரு, எந்த பஸ் — எல்லாம். அதே கட்டடத்து மாடியில்தான் நான் இருக்கேன்ங்கறதை மட்டும் சொல்லலை. நன்றிக்காக யாரும் படியேறி வர வேண்டாம்.

மார்ச் 16

வஸீலாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. லொத்ஃபியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அவளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். எனக்கும் இந்தச் சுற்றோடு வேலை இல்லை.

ஏப்ரல் 20

முடிவு வந்தாயிற்று. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லையாம். வஸீலா எந்தப் பக்கத்திலும் இல்லை.

மே 2

நாள் முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் கீழே பல் டாக்டரிடம் இறங்கிப் போனேன்.

வஸீலா ஒல்லியாக இருக்கிறாள். ஒரு தொலைபேசி காதில், இன்னொன்று அடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து, "பேரு சொல்லுங்கம்மா" என்றாள்.

வாயைத் திறந்தால் குரலைக் கண்டுபிடித்துவிடுவாள். கன்னத்தைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

"ரொம்ப வலிக்குதா? சரி, பேச வேண்டாம். உக்காருங்க" என்றாள்.

கடைசி ஆள் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.