ஜப்பான்காரன் குத்தாத கண்

ஒற்றைக் கண்ணால் எங்கள் எல்லோரையும் மேய்த்த என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் பார்க்காத பேத்தி, என் மகள் நிலாவுக்கு இரண்டு வயது. போன மாதம் அவளுடைய இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி.

கைபேசியில் எடுத்த படங்களில் அந்தக் கண் மட்டும் வெள்ளையாக மின்னியது. விளக்கு வெளிச்சம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன், பாவி. ஜொகூர் பாருவில் டாக்டர் முதலில் கேட்டதே, "குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல கண் போயிருக்கா?" என்றுதான்.

"எங்க அப்பாவுக்கு. ஆனா அது நோய் இல்ல டாக்டர், மலாயாவ ஜப்பான்காரன் பிடிச்சிருந்தப்ப துப்பாக்கிக் கத்தியால குத்தினது" என்றேன், பெருமையாக.

வேறு என்ன சொல்வேன்? நீங்கள் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்த கதை அல்லவா? அண்ணன் ஜப்பான் கார் வாங்கியதற்கு ஒரு வருஷம் அவனோடு பேசாமல் இருந்தீர்களே!

பிறகு குளுவாங்கில் உங்கள் அக்காவைப் பார்க்கப் போனேன். அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. நிலாவின் பழைய படம் ஒன்றைக் காட்டினேன். பார்த்ததும் அலறிவிட்டார்.

"ஐயோ, இது தம்பி கண்ணு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை அழுதுகொண்டே சொன்னார்.

"உங்கப்பனுக்கு அப்ப ரெண்டு வயசு. எண்ணெ வெளக்குல இப்படித்தான் பூனைக் கண்ணு மாரி மின்னும். ஆஸ்பத்திரியில ஒரு ஜப்பான் டாக்டர்தான் எடுத்தாரு. எடுக்கலன்னா புள்ள செத்துரும்னாரு. நோய்னு தெரிஞ்சா என்னைய யாரு கட்டுவான்னு பயந்து எங்கப்பாதான், ஜப்பான்காரன் குத்திட்டான்னு எஸ்டேட் பூராவும் சொல்லிட்டாரு. அப்ப யாரு கேள்வி கேட்டா? எல்லா வீட்டுலயும் அவன் ஏதாவது பண்ணியிருந்தான்."

இடி விழுந்தது போல் உட்கார்ந்துவிட்டேன், அப்பா. நீங்கள் பிழைத்ததே ஒரு ஜப்பான்காரர் கையாலா? உங்களுக்கே இது தெரியுமா? தெரிந்து மறைத்தீர்களா, இல்லை நீங்களும் நம்பித்தான் போனீர்களா? இனி யாரிடம் கேட்பேன்?

டாக்டரிடம் ஓடினேன். இது பரம்பரையாக வரும் நோய், எனக்கு வராமலே என் வழியாக நிலாவுக்கு வந்திருக்கலாம் என்றார். கடைசியில் உங்கள் கால் எலும்பில் வந்த புற்றுநோய்க்கும் இதோடு தொடர்பு இருக்கலாமாம். முன்பே தெரிந்திருந்தால் பிறந்த வாரத்திலிருந்தே கண்ணைச் சோதித்திருப்போம், கண் தப்பியிருக்கவும் கூடும் என்று அவர் மெதுவாகச் சொன்னபோது எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான்.

அண்ணன் மகள் கவிதாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். நாளைக்கு அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் இது வரலாமே என்று அண்ணனிடம் சொன்னேன். "இப்ப வாயத் தொறக்காத லா. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றான். உங்கள் அப்பாவின் பயம் அப்படியே அவனிடம் இருக்கிறது.

நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அன்றே கவிதாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "ரத்த டெஸ்ட் எடுத்துக்கிறேன் அத்தை. அவர்கிட்டயும் நானே சொல்லிடறேன்" என்றாள். அண்ணன் வீட்டு வாசலை இனி மிதிக்க முடியுமோ என்னவோ.

நிலா ஒரு நாள் கேட்பாள்: "அம்மா, என் கண் எங்கே போச்சு?" தாத்தாவுக்கு வந்த அதே நோய் உனக்கும் வந்தது என்பேன். யார்மேலும் பழி போடமாட்டேன், அப்பா. இது சத்தியம்.

நோயையும் உயிரையும் உங்களிடமிருந்தே வாங்கிக்கொண்ட,
உங்கள் கடைக்குட்டி மகள்