இளகாத மெட்டு

சித்திரை 18, வெள்ளி

வெயிலில் மெழுகு இளகி, அதில் பதித்த பித்தளை மெட்டுகள் தாமரையின் வீணையில் நகர்ந்துவிடுகின்றன. வருடாவருடம் இதே புலம்பல். அவள் சீர்காழியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது மெழுகைச் சுரண்டியெடுத்துவிட்டு, என் பட்டறையில் தண்ணீர்த் தொட்டி வார்க்கிற ரெசினில் ஹார்டனரும் கறுப்புச் சாயமும் கலந்து மெட்டுகளைப் பதித்தேன். கல்லாக இறுகிவிட்டது.

இன்று வந்ததும் வாசித்துப் பார்த்தாள்.

"நாலாவது மெட்டு சுதி சேரலைங்க. மெழுகுக்குக் கொஞ்சம் சூடு காட்டுங்க, நகர்த்திக்கலாம்."

"அது மெழுகு இல்ல, தாமரை."

விரலால் தட்டிப் பார்த்தாள். "அப்ப இளகாதா?"

"எந்தச் சூட்டுக்கும் இளகாது." தொட்டி வாங்க வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிற அதே வார்த்தை.

வீணைக்கு உறையை மாட்டினாள். "சாப்பிட வாங்க" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.