ரத்தம் வந்தாதான் பிரிக்கணுமாம்

உன் பஞ்சு உசுரோடதான் இருக்கு அம்மாடி, அதை முதல்ல சொல்லிடுறேன், இல்லேன்னா நான் சுகம் விசாரிக்கிறது எதுவும் உன் கண்ணுல படாது. இங்க கடவுள் புண்ணியத்துல பெரியப்பாவுக்கு முட்டிவலி தேவலை, பெரியவ புருஷன் வீட்டுல நல்லா இருக்கா, சின்னவ என் உசுரை வாங்கிக்கிட்டு இங்கேயேதான் இருக்கா, நீயும் அந்தத் தூர ஊர்ல ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தினமும் உன் பேரைச் சொல்லிக் கும்பிடுறேன்.

நீ விட்டுட்டுப் போன கினிப்பன்னி பஞ்சுவை நான் ஒண்ணும் எடுத்தவுடனே சின்னவளோட மூணு கினிப்பன்னிங்க நடுவுல தூக்கிப் போட்டுடல. பதினஞ்சு நாள் குளியலறையில தனிப் பெட்டியில வெச்சு, சீக்கு எதுவும் இல்லேன்னு பாத்து, அப்புறம்தான் கூடத்துல பழைய போர்வையை விரிச்சு, யாருக்கும் சொந்தமில்லாத இடமா இருக்கணுமாம், நாலு மூலையிலயும் கீரையைப் போட்டு, சாமியை வேண்டிக்கிட்டு நாலையும் இறக்கி விட்டேன். அந்த வெள்ளைத் தடிச்சி இருக்காளே, மகாராணி, அவ இடுப்பை ஆட்டிக்கிட்டு குர்ர்ருன்னு மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு பஞ்சுவைச் சுத்திச் சுத்தி வந்தா, மோந்து பாத்தா, முதுகுல ஏறுனா, ஒரு வாய் முடியைப் பிடுங்கித் துப்பினா. மத்த ரெண்டும் அவ பின்னாடியே. சின்னவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா, வந்தவளுக்குத் தன் இடம் எதுன்னு தெரிய வேணாமா அம்மான்னு கேக்குறா. எனக்கு மனசு கேக்காம பிராணி டாக்டருக்கு போன் போட்டேன், அவரு இது சகஜம்மா, முடி போனா போகட்டும், ரத்தம் வந்தா மட்டும் பிரிங்க, சும்மா சும்மா பிரிச்சா சண்டை மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்னுட்டாரு. ஆச்சு இருபது நாள். முதுகுல உள்ளங்கை அளவுக்கு முடி இல்ல, சமையக்கட்டு தராசுல வெச்சா நூறு கிராம் குறைஞ்சிருக்கு, தண்ணி பாட்டில்கிட்ட போனாலே மகாராணி பல்லைக் கடகடன்னு கடிக்கிறா, உடனே பஞ்சு ஓடிப்போய் மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்குது. ஆனா ரத்தம் வரல. தினமும் கண்ணாடி போட்டுக்கிட்டு முடியை விலக்கி விலக்கிப் பாக்குறேன்.

அதனாலதான் ஞாயித்துக்கிழமை உன் சிநேகிதி, அந்தத் தையல்காரி, பஞ்சுவை எடுத்துட்டுப் போகச் சொல்லி நீ எழுதினேன்னு கூடையோட வந்து வாசல்ல நின்னப்ப, ரத்தம் வரட்டும் அப்ப வான்னு சொல்லி அனுப்பிட்டேன். என் வீட்டுக்கு வந்த ஒரு ஜீவனை எனக்கு வளக்கத் தெரியலன்னு நாலு பேர் சொல்லவா? உன்னை வளக்கலையா நான்? உங்கம்மா, என் தங்கச்சி, கண்ணை மூடினதும் ஒன்பது வயசுல ஒரு துணிப்பையோட வந்தே. பெரியவ உன் போர்வையைப் பிடுங்கிக்கிட்டா, சின்னவ உன்னை பால்கனியில விட்டுத் தாழ்ப்பாள் போட்டா, நீ கதவைத் தட்டுறது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு, நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு சாமி பேரைச் சொல்லிக்கிட்டு மாவு பிசைஞ்சேனே தவிர குறுக்க வரல. ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சா, சொல்லு. ஆறே மாசத்துல பெரியவளுக்கு நீதான் தலை பின்னி விட்டே. யாரும் சொல்லிக் குடுக்காமலே, எல்லாரும் எந்திரிச்ச பிறகு உக்காந்து சாப்பிடக் கத்துக்கிட்டே. இப்ப பஞ்சுவும் அப்படித்தான், மூணும் தின்னு முடிச்சு நகர்ற வரைக்கும் காத்திருந்து மிச்சத் தண்டைக் கடிக்குது. அதைப் பாத்ததும் உன் ஞாபகம் வந்து எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

நீ மனசைப் போட்டு அலட்டிக்காதே. போட்டோவுல இன்னமும் இடது காதை மறைச்சேதான் முடியை வாரியிருக்கே, இழுத்து வாரிக் கட்டும்மா, முகம் லட்சணமா இருக்கும். பெரியவளுக்குப் பிறந்தநாள் வருது, அவ கூப்பிடட்டும்னு இருக்காம நீயே முந்திக்கிட்டுப் பேசு. கடவுள் உன்னை இமை மாதிரி காக்கட்டும்.

உன்னைத் தன் பொண்ணாவே வளத்த
பெரியம்மா

பேனாவை மூடின பிறகு ஞாபகம் வருது. நீ வந்த ரெண்டாவது வாரம் துணி துவைக்கிறவ உன் தலகாணி உறையைக் கொண்டாந்து என்கிட்ட காட்டினா, இடது காது படுற இடத்துல கட்டைவிரல் அகலத்துக்குச் செவப்பா இருந்துச்சு. வெந்நீர்ல போட்டா கறை நின்னுடும், பச்சத்தண்ணியில அலசுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன்.