அபி யார் சாயல்?

எடப்பாடி
6.2.2024

அன்புத் தங்கை ரஞ்சிதாவுக்கு,

அக்கா அறிவுச்செல்வி எழுதுவது. இங்கே நலம். போனில் பேசினால் இருவரும் கத்தி விடுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் சர்ச்சில் எடுத்த போட்டோவைப் பார்த்தேன். அபிநயா உன் மடியில் இருக்கிறாள். நான் வாங்கித் தராத வெள்ளைக் கவுன். வாய் நிறையச் சிரிப்பு. ஏழு வயதாகிறது, என்னைப் பார்த்து அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. பக்கத்துத் தறிப்பட்டறை அங்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனம்மிணி, புள்ளை அப்படியே உன்ற தங்கச்சி சாயலு!” என்றாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நடக்கவும் பேசவும் முடியாத பிள்ளைக்கு மேட்டூரில் பயிற்சி கிடைக்கும் என்றுதானே உன்னிடம் விட்டேன்? ஆறு மாதம் என்றாய். இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவளைச் சாமிக்கு முன்னால் உட்கார வைக்க என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

உன் அக்கா,
அறிவு

*

மேட்டூர்
10.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. நடந்ததைச் சொல்கிறேன்.

கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்று போதகர் அன்று பேசிக்கொண்டிருந்தார். அப்போது பின்வரிசை அம்மா ஒருவர் என் தோளைத் தட்டி, “எச்சி ஒழுகுதுங்க. புள்ளையக் கொண்டுபோய் வெளியில உக்காருங்க” என்றார். அபியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். “அப்படீன்னா இவ யாரு சாயலுங்க?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். போதகர் பேச்சை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். தன் கைக்குட்டையால் அவள் வாயைத் துடைத்தார். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் அபி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் போட்டோவில் இருப்பது.

அவளை மதம் மாற்றவில்லை அக்கா. அவளும் ஒரு முழு மனுஷி என்று நாலு பேர் முன்னால் சொன்னேன், அவ்வளவுதான்.

உன் ரஞ்சி

*

எடப்பாடி
14.2.2024

ரஞ்சிதாவுக்கு,

நீ செய்தது நல்லதுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டியவள் நான்.

அவள் பிறந்த அன்று, மூளையில் குறை என்று டாக்டர் சொன்னதும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீதான் கையில் வாங்கினாய். அவள் முதலில் பார்த்த முகம் உன்னுடையது. இப்போது கடவுள் சாயல் என்கிறாய். ஊரார் உன் சாயல் என்கிறார்கள். பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்த முகத்தில் எதுவும் மிச்சமில்லையா?

25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

அறிவுச்செல்வி

*

மேட்டூர்
19.2.2024

அக்கா,

துணிகளை மடித்து வைத்துவிட்டேன். பயிற்சியை வீட்டில் எப்படிச் செய்வது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மாதேஷ் இரண்டு நாளாக வேலைக்குப் போகாமல் அவளை மடியிலேயே வைத்திருக்கிறார். அவருக்கும் அவள்தான் பிள்ளை.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் உன்னைப் போலத் தறி வேலைக்குப் போகும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், அவர்கள் சேலையில் நூலுக்குப் போடும் பாவுக்கஞ்சி வாசம் இருக்கும், உன் சேலையில் வருகிற அதே வாசம். அபி உடனே திரும்பி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “ம்மா, ம்மா” என்பாள். அவள் வாயில் வரும் ஒரே சொல் அதுதான். அதை அவள் என்னைப் பார்த்துச் சொன்னதே இல்லை. நான் இடம் மாறி உட்கார்ந்தேன். பிறகு பஸ்ஸையே மாற்றினேன். உனக்கும் சொல்லவில்லை.

கடவுள் சாயல் இல்லையா என்று சபையில் நின்று கேட்ட நான்தான், அவளிடம் உன் சாயல் தெரிந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குப் பிள்ளை இல்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

மன்னித்துவிடு.
ரஞ்சி

*

எடப்பாடி
28.2.2024

அன்பு ரஞ்சிக்கு,

இதை அபி அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். போனில் என்றால் அழுதுவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலில் அவளை வாங்கிக்கொண்டு, உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஒருத்தி தன் குழந்தையின் கண்ணைப் பொத்தி, “அந்தப் பக்கம் பாக்காத சாமி” என்றாள். நான் சும்மா இருக்கவில்லை. “கண்ணப் பொத்தாதீங்க. நல்லாப் பாக்கட்டும். இவளும் கடவுள் சாயல்தானுங்க” என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சொன்ன பிறகுதான் உறைத்தது, அது உன் வார்த்தை என்று. அதுகூட உன்னிடமிருந்து வந்ததா என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அபி என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ம்மா” என்றாள். நீ எழுதியது பொய்யில்லை.

இங்கே வந்து மூன்று நாள் ஆகிறது. பாலைத் தவிர எதையும் விழுங்க மாட்டேன் என்கிறாள். யார் கதவைத் திறந்தாலும் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். நீ இல்லை என்றதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறாள்.

இதை நான் உனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நாலு நாளில் பழகிக்கொள்வாள் என்றுதான் நேற்றுவரை நினைத்தேன். நீ மறைத்ததைச் சொன்னாய், அதனால் நானும் சொல்கிறேன்.

இவரோடு கிளம்பி வா. மாதேஷையும் கூட்டி வா. நீ ஊட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். நீ வா.

உன் அக்கா,
அறிவு